தாரைச் செம்பு

வாலாம்பாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டாள். எங்களுடைய இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் கையிலிருந்து ஒரு கரண்டிகூட நழுவியதில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"எண்ணெய்க் கையாக்கும், வழுக்கிடுத்து. நீங்க வெறுதே நின்னு பார்க்காதேங்கோ" என்று என்மேலேயே பாய்ந்தாள். எண்ணெயாம்! அன்று அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவே இல்லை.

எனக்கு முன்பே சந்தேகம்தான். நாலைந்து நாளாகக் காபி பில்டர் மூடியை இடது கையால் திருகுகிறாள். துணி பிழியும்போது பல்லைக் கடிக்கிறாள். இன்னும் பன்னிரண்டு நாளில் எங்கள் விஜயலக்ஷ்மிக்குக் கல்யாணம். சீர் முறுக்கு அத்தனையும் தானே சுற்றுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் தெருவில் கைமுறுக்கு என்றால் வாலாம்பாள்தான். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திரித்துத் திரித்து ஏழு சுற்றுச் சுற்றுவாள். அந்தச் சித்திரையில் மட்டும் நாலு வீட்டுக் கல்யாணத்துக்குச் சுற்றிக் கொடுத்தாள். முடியாது என்று ஊராரிடம் சொல்ல அவளுக்கு வாய் வராது. என்னிடம் மட்டும் நன்றாக வரும்.

செம்பை எடுக்கக் குனிந்தபோதுதான் அவள் மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றைப் பார்த்தேன்.

"இது எதுக்கு?"

"சீதாலக்ஷ்மி மாமி வந்து, 'மிஷின் மாதிரின்னா சுத்தறே'ன்னா. அன்னிலேர்ந்துதான் இந்த வலி. திருஷ்டி, வேறென்ன? பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைச்சாச்சு."

இறுக்கிக் கட்டியதில் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் வீக்கம் பிதுங்கியிருந்தது. பக்கத்து வீட்டு மாமி பாவம், வாய் நிறையப் புகழ்ந்ததற்கு இந்தப் பட்டம்.

மறுநாள் காலை மடிப்புடவையோடு உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டாள். மடி ஆசாரத்தில் இருப்பவளைத் தொடக்கூடாது. கையைப் பிடித்துப் பார்க்கவும் வழியில்லை. சமையலறை வாசற்படிக்கு இப்பால் நின்றுகொண்டு என் கையையே காட்டினேன்.

"இதோ பாரு. கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடிக்கோ. இப்போ கையைச் சுண்டுவிரல் பக்கமாச் சாய்."

"நேக்கு வேலையிருக்கு."

"ஒரு தடவை சாய்ச்சுக் காட்டு. அப்புறம் நான் போயிடறேன்."

என்னை விரட்டினால் போதும் என்று செய்தாள். "அம்மாடி!" என்று அலறிவிட்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

எனக்கு இது தெரிந்த கதை. நான் சர்க்கார் கச்சேரியில், அதாவது ஆபீஸில், டைப்பிஸ்ட். மூன்று வருஷம் முன்பு எனக்கும் இதே இடத்தில் இதே வலி. வாதம் என்று நினைத்து ஊரில் உள்ள தைலமெல்லாம் பூசினேன். ஆஸ்பத்திரி டாக்டர்தான் முதலில் என்ன வேலை என்று கேட்டார். விரலை இப்படி மடக்கச் சொன்னார். செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ததால் வந்த வலி, மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம் என்றார். கட்டை வைத்துக் கட்டி இரண்டு வாரம் லீவு. அதற்குப் பிறகு ஒரு பக்கம் அடித்தால் கொஞ்ச நேரம் கையைத் தொங்கவிடு என்று உத்தரவு. இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

அதையெல்லாம் சொன்னேன். "கல்யாணம் கழியட்டும், அப்புறம் கட்டிக்கறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "கல்யாணத்தன்னிக்குத் தாரை வார்க்கறது யாரு? பொண்ணு கையைப் பிடிச்சு நான் கொடுக்கறச்சே, மேலே தண்ணி விட வேண்டியவள் நீ. அந்தச் செம்பும் நேத்து மாதிரி விழணுமா?"

திரித்துக்கொண்டிருந்த மாவு அவள் விரலிலேயே நின்றது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கே தோன்றியது. அவள் மெதுவாக மாவைத் தட்டில் வைத்தாள்.

"முறுக்கு யார் சுத்துவா?"

"திருஷ்டி போட்ட மாமியைக் கூப்பிடு."

சீதாலக்ஷ்மி மாமி தெருவையே திரட்டிக்கொண்டு வந்தாள். மடிப்புடவையை மாற்றிவந்த வாலாம்பாளின் கறுப்புக் கயிற்றை அறுத்துவிட்டு, என் பழைய மரஸ்கேலைப் பாதியாக ஒடித்து, பஞ்சு வைத்து, கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டினேன். காலையிலும் மாலையிலும் தவிட்டை வறுத்து ஒத்தடம். இவள் ஸ்கேல் கட்டிய கையை நீட்டி நீட்டி, "ஆறாவது சுத்து கோணறதே, பிரிச்சுச் சுத்துங்கோ" என்று அதிகாரம் செய்தாள். டாக்டரின் உத்தரவை அவர்களுக்கும் போட்டாள். பத்து முறுக்குக்கு ஒரு தரம் எல்லாரும் கையை உதறிவிட்டு உட்கார வேண்டும். கோணல் முறுக்கெல்லாம் எனக்குக் கிடைத்தன. ருசியில் கோணல் இல்லை.

கல்யாணத்தன்று காலையில்தான் கட்டை அவிழ்த்தேன். வீக்கம் வடிந்திருந்தது, வலி முழுக்கப் போகவில்லை. "கட்டைவிரலில் பாரம் ஏத்தாதே, இடது கையை அடியிலே கொடு" என்று நூறு தரம் சொல்லியிருப்பேன். "தெரியும், போங்கோ" என்றாள்.

முகூர்த்த வேளை வந்தது. விஜயலக்ஷ்மியின் கை என் கையில். வாலாம்பாள் செம்பைத் தூக்கினாள். அது ஒரு க்ஷணம் நடுங்கியது. எனக்கு மந்திரம் காதில் விழவில்லை. அப்போது அவளுடைய இடது கை மெதுவாக அடியில் வந்து தாங்கிக்கொண்டது. தண்ணீர் அறாமல், சிந்தாமல், எங்கள் கைகளின்மேல் விழுந்தது.

விழுந்து முடிந்ததும் அவள் பெண்ணைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. பரீட்சையில் தேறிய குழந்தைபோல என்னைப் பார்த்தாள்.

நான் அழுதுவிட்டேன். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று சம்பந்தி என்னைத் தட்டிக்கொடுத்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன்.