பெய் குவாங் அடக்கி வைத்த மூச்சு

பெய் குவாங் மூச்சு விடுவதை நிறுத்தியது சோயா விலை இரட்டிப்பான வருஷத்தில். அன்றிலிருந்து அந்தத் தெருவின் அடுப்புப் புகையெல்லாம், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், அவர் வீட்டுப் பக்கமே சாய்ந்தது. சோயாப் பாலைக் கட்டியாக்கித் தோஃபு செய்து விற்கும் அவர், மூன்று வருஷமாக உயிர்மூச்சைத் தொப்புளுக்குக் கீழே சேர்த்து வந்தவர். கருவில் கிடக்கும் பிள்ளை மூக்கால் மூச்சு விடுவதில்லை. அப்படி ஆகிவிட்டவனுக்குச் சாவில்லை என்பது ச்சிங்செங் மலைமேல் இருக்கும் தாவோ மடத்துப் பாடம். நள்ளிரவு முதல் உச்சிவேளை வரை உயிருள்ள காற்று, அதற்குமேல் செத்த காற்று என்பதும் அதே மடத்துப் பாடம்தான். ஆனால் காலையில் சோயா அரைத்து விற்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் பெய் குவாங் மத்தியானத்தில் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்தார். காற்றுக்கு நேரம் காலமா தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, பாவி மனுஷன்.

சேர்த்து வைத்த செத்த மூச்சு சும்மா கிடக்கவில்லை. அக்கம்பக்கத்து உயிர்மூச்சை இழுக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டில் பன் மாவு உப்பவில்லை. அடைவைத்த முட்டைகள் பொரியவில்லை. தெருவோ சாகாத மனுஷர் கிடைத்தார் என்று பெருமைப்பட்டு ஊதுபத்தியோடு வந்து நின்றது. "சோறும் வேணாம், மூச்சும் வேணாம். இப்படி ஒரு புருஷன் எவளுக்குடி வாய்ப்பான்?" என்று மருத்துவச்சி ஹூ அத்தை, அவர் மனைவி ருய்சினைக் கேலி செய்தாள். ருய்சினுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஏழாம் மாதம். ஆற்றில் துணி துவைக்கையில் உதைக்கிற பிள்ளை, வீட்டுப்படி ஏறியதும் அடங்கிப்போயிற்று.

"ஏங்க, ஒரே ஒரு தடவ மூச்ச விட்டுடுங்க. பிள்ள அசையவே மாட்டேங்குது."

"மூணு வருஷத்து உழைப்பு, ருய்சின். விட்டா எல்லாம் போயிடும்."

"எல்லாம்னா? நீங்களுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "பயமா இருக்கு" என்றார். அவள் அக்கரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போகத் துணிமூட்டை கட்டினாள். முடிச்சுப் போடும்போதே வலி கண்டுவிட்டது.

விடியற்காலையில் பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. ஹூ அத்தை முதுகில் தட்டினாள், தலைகீழாகப் பிடித்தாள், பிறகு மெல்லக் கீழே வைத்துவிட்டாள். ருய்சின் புருஷனைத் திட்டவில்லை, அழவில்லை, வெறுமனே பார்த்தாள். பெய் குவாங் மண்டியிட்டுப் பிள்ளையின் வாயில் வாய் வைத்து ஊதினார். அந்த ஒரு மூச்சு உச்சிவேளை வரை நீண்டது. பிள்ளை வீறிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கியவர்கள், காலிக் கூடையின் கனம்தான் இருந்தது என்றார்கள். ஆள் அன்றைக்குத்தான் செத்தாரா, மூச்சை நிறுத்திய நாளிலேயே செத்துவிட்டாரா என்பதில் ஊர் இன்றும் இரண்டு கட்சி.

பையனுக்கு இப்போது ஆறு வயது. உச்சிவேளை வரை கல்லாகத் தூங்குவான், செத்த காற்று நேரத்தில்தான் கண் விழிப்பான். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவன் மூச்சை உள்ளே இழுத்ததில்லை. வெளியே விடுவது மட்டும்தான்.

"உள்ள போகாம எப்படிடி வெளிய வருது?" என்று ஹூ அத்தை ஒருநாள் கேட்டாள்.

"அவங்கப்பா வச்சிட்டுப் போனது அத்த."

"அது எம்புட்டு நாளைக்கு வரும்?"

ஊருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. தெருப்பிள்ளைகள் காகிதக் காற்றாடியைச் சுற்றவைக்க அவனைத்தான் ஊதச் சொல்கின்றன. ருய்சின் ஓடிவந்து அவன் வாயைப் பொத்துகிறாள். கஞ்சியைக்கூட அவனை ஊத விடுவதில்லை. அவளே ஊதி ஆற்றிக் கொடுக்கிறாள்.