தளும்பினால் அதற்குப் பிறகும்

பார்வை நேரம் முடிந்தபின் எவரையும் உள்ளே விட்டறியாத ஆஸ்பத்திரி வாயிற்காவலரின் நெஞ்சில், மாரடைப்பு வந்த ஐந்தாம் நாள், ஈரம் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அவருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. கெஞ்சியவர்கள், அழுதவர்கள், சாப்பாட்டுக் கூடையோடு ஓடிவந்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்லிவிட்டே திரும்பியிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியும் சொல்லிவந்தாள். இப்போது அவளே கம்பிக்கதவுக்கு வெளியே நின்றாள். "நேரம் முடிஞ்சுதுக்கா. அண்ணன் சொல்லிக்கொடுத்த சட்டம்தான்" என்றார் மாற்றுக் காவலர். "நல்லா சொல்லிக்கொடுத்தாரு, போ" என்றாள் அவள்.

மறுநாள் நேரத்தோடு வந்தவளிடம் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "இதயத்தைச் சுத்தி தண்ணி கோத்திருக்கும்மா."

"படம் மாறிப்போச்சு டாக்டர். இது வேற யாரோ."

மாறவில்லை. அவர் இருமினால் அரைக்குடம்போலத் தளும்பியது. பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கெடுகிறதென்று புகார் செய்தார். நீர் ஏற ஏற ஆள் இளகினார். மனைவியிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டார், அவள் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பிறகு, எல்லோரையும் உள்ளே விடச்சொல்லி மாடி ஜன்னல்வழியே கீழே வாயிலைப் பார்த்துச் சத்தம்போட்டார். முந்தைய வருஷங்களில் விரட்டப்பட்டவர்களும் வந்தார்கள். சிலர் பார்க்க வந்த நோயாளிகள் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார்கள். வந்ததற்குக் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குள் ரத்த அழுத்தம் சரிந்தது. தண்ணீர் இதயத்தை நெரிக்கிறது, இன்றே ஊசி இறக்கி எடுக்காவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்றார் டாக்டர். எடுத்தால் பழைய ஆள்தான் மிஞ்சுவார் என்பது மனைவிக்குப் புரிந்தது.

"மொத்தத்தையும் எடுத்துடாதீங்க டாக்டர். ஒரு கரண்டி விட்டு வைங்க."

"பெரிய கரண்டியா, சின்னதா?"

அவள் யோசித்தாள். "சின்னதே போதும். ஆளும் வேணும்ல."

எடுத்த நீர் பாட்டிலையும் வாளிகளையும் நிறைத்துப் படியிறங்கியது. துப்புரவுப் பெண்கள் அதிலேயே வராந்தாவைக் கழுவி முடித்தார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பினார். "நேரம் முடிஞ்சுது" என்பதைப் பழைய குரலில்தான் சொல்கிறார். யாராவது நகராமல் நின்றால் சட்டைக்குள் சின்னதாகத் தளும்பும். பூட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். நிர்வாகம் பெயிண்டரை வரவழைத்துப் பலகையைத் திருத்தியது: பார்வை நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை. தளும்பினால் அதற்குப் பிறகும்.