நிலம் கேட்காத காகிதம்

புதன்கிழமை என்றால் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர்காரர்களின் கூட்டம்தான். செங்கல்வராயன் மாத்திரைப் பையும் நோட்டுமாக பெஞ்சில் இடம் பிடித்திருந்தார். வயது அறுபத்தைந்து. மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸை இருபத்தெட்டு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். திருப்போரூர் பக்கம் அவருக்கு எண்பது சென்ட் நிலம் உண்டு. அதைச் சுற்றி மூன்று பக்கமும் மனை போட்டுக் கல் நட்டாகிவிட்டது. அதிலிருந்து மனுஷனுக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம். வணக்கம் சொன்னால் புரோக்கர், சொல்லாமல் போனால் பெரிய புரோக்கர்!

இன்றைக்குச் சந்தேகம் மகன் கார்த்தி மேல். ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வராதவன், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கக்கூடச் செய்யாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். வந்ததும் நர்ஸ் ரூத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் குசுகுசுவென்று பேசினான். பெற்ற அப்பனுக்குத் தெரியாமல் நர்சிடம் என்ன ரகசியம்?

ரூத் பிரஷர் பார்த்தாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். அதுவரைக்கும் சரி. பிறகு மேஜையிலிருந்து அச்சடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"ஐயா, வயசானவங்களுக்கு இப்ப இதையும் பாக்குறோம். ஞாபகம் எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்குன்னு சில கேள்வி. இன்னைக்கு என்ன தேதி?"

செங்கல்வராயனுக்குத் திக்கென்றது. பக்கத்து ஊரில் ஒருத்தரை, புத்தி சரியில்லை என்று சர்டிபிகேட் வாங்கி, பிள்ளைகளே நிலத்தை விற்றுவிட்டார்களாம். டீக்கடையில் கேட்ட பேச்சு. நிஜமோ பொய்யோ, அது அவர் மனதில் குடியேறிப் பல நாளாயிற்று. சுவரிலிருந்த நாள்காட்டியை ஓரக்கண்ணால் பார்த்து, "பன்னண்டு" என்றார். பாவம், அதை இரண்டு நாளாக யாரும் கிழிக்கவில்லை.

ரூத் எதையோ குறித்துக்கொண்டாள். "மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. வாழை, சாவி, படகு." வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

"வாழ..." என்றார். மீதி இரண்டும் போன இடம் தெரியவில்லை.

"பரவால்ல ஐயா. இதெல்லாம் கேக்க உங்களுக்குச் சம்மதம்னு இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க. மொதல்லயே வாங்கியிருக்கணும், மறந்துட்டேன்."

கையெழுத்து! வந்துவிட்டதா விஷயம்! செங்கல்வராயன் காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஒண்ணுக்குப் போய்ட்டு வரேன்" என்று எழுந்தவர், பின்வாசல் வழியாக வெளியேறி, ஷேர் ஆட்டோ பிடித்து திருப்போரூரில் போய் இறங்கினார்.

அங்கே பத்திரம் எழுதும் மோகன் அவருக்கு நெடுநாள் பழக்கம். பத்திரத்தில் ஓட்டை இருந்தால் மோப்பம் பிடித்துவிடுவான் என்று பேர் வாங்கியவன்.

"மோகனு, இதுல இன்னா வில்லங்கம் கீதுன்னு பாரு. என் பையன் நெலத்தப் புடுங்கப் பாக்குறான்."

மோகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினான். நெற்றி சுருங்கியது. "இன்னா அண்ணாத்த, கேள்வி கேள்வியா கீது? நீ பதில் சொல்லு, எங்க கொக்கி போடறான்னு பாப்போம். போன ரெண்டு வாரத்துல, எந்த வேலையிலயும் நாட்டம் இல்லாம இருந்துச்சா?"

"ஆமா. நெலத்துப் பக்கமே போவல. டிவி கூட போடறதில்ல."

"தூக்கம் கெட்டுச்சா?"

"மூணு மணிக்கே முழிச்சிக்கிறேன்."

"நம்மால யாருக்கும் பிரயோஜனம் இல்லன்னு தோணுச்சா?"

ரூத் கேட்டிருந்தால் செங்கல்வராயன் இல்லை என்று சாதித்திருப்பார். கேட்டது தன் பக்கத்து ஆள். அதனால் உள்ளே கிடந்தது தானாக வெளியே வந்தது.

"தெனமும் தோணுது மோகனு. போன மாசம் ஆலத்தூர் கூட்ரோடுல வண்டிய நிறுத்திட்டு நின்னேன். வூட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியல. இருபத்தெட்டு வருசம் பஸ் ஓட்டினவன்யா நானு! ஒரு பொண்ணுகிட்ட வழி கேட்டு வந்து சேந்தேன். யார்கிட்டயும் சொல்லல." சொல்லும்போதே குரல் உடைந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மோகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். காகிதத்தை மறுபடி ஒரு வரி விடாமல் படித்தான். "சர்வே நம்பர் இல்ல, பட்டா நம்பர் இல்ல, நாலு எல்லை இல்ல. இதுல உன் நெலம் எங்கயுமே இல்ல அண்ணாத்த. நீதான் கீற."

"அப்ப கார்த்தி இன்னாத்துக்கு என்கூட வந்தான்?"

"அத அவன்கிட்ட கேளு. எழுந்திரு, நானே கொண்டுபோய் வுடறேன்."

சுகாதார நிலைய வாசலில் கார்த்தி வேர்வையில் சட்டை நனைய நின்றிருந்தான். "நைனா! எங்க போன? ஏரிக்கரை வரைக்கும் தேடிட்டு வரேன்!"

"நெலத்துக்குத்தானே வந்த? உண்மையச் சொல்லுடா."

"எந்த நெலம்?" கார்த்தி விழித்தான். "போன வாரம் ஒரே காலைல பதினோரு தபா போன் பண்ணி, ஷிஃப்ட் முடிஞ்சிச்சான்னு கேட்ட. ஒவ்வொரு தபாவும் மொத தபா கேக்குற மாரியே கேட்ட. மெஷின் பக்கத்துல நின்னுகினு அழுதேன் நைனா. அதான் சிஸ்டர்கிட்ட சொன்னேன்."

செங்கல்வராயனுக்கு அப்படிப் போன் பண்ணியதே நினைவில்லை. மகனின் தூங்காத சிவந்த கண்களைப் பார்த்தார். உள்ளே போய் ரூத்தின் முன் உட்கார்ந்து, கசங்கிய காகிதத்தை நீவிக் கொடுத்தார். "மிச்சத்தையும் கேளும்மா."

எல்லாம் முடிந்ததும் ரூத் சொன்னாள்: "இதுல மார்க் கொறஞ்சா நோய்னு அர்த்தம் இல்ல ஐயா, டாக்டர் பாக்கணும்னு அர்த்தம். மனசு சோர்ந்தாலும் மறதி வரும். தைராய்டாலயும் சத்துக் குறைவாலயும் வரும். அதுக்கு மருந்து இருக்கு. மறதி நோயாவே இருந்தாலும், சீக்கிரம் தெரிஞ்சா நல்லாப் பாத்துக்கலாம்." டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, அடுத்த வாரம் மகனோடு வரச் சொன்னார்.

பெஞ்சில் அடுத்து உட்கார்ந்திருந்த நூர்முகமதுவை ரூத் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவே இல்லை. "கையெழுத்தெல்லாம் கேக்குறாங்களே! எனக்கு வேணாம்பா, நான் நல்லாத்தான் கீறேன்."

செங்கல்வராயன் நின்று திரும்பினார். "பாய், சக்கரைக்கு வெரல நீட்டுறோம், பிரஷருக்குக் கைய நீட்டுறோம். மனசு எப்டி கீதுன்னு கேட்டா மட்டும் ஏன் ஓடறோம்? மறதியும் சோர்வும் வயசானா வர்றதுன்னு நாமளே வுட்டுட்டா, வைத்தியம் எங்கேந்து வரும்? போய் உக்காந்து உள்ளத சொல்லு. நான் ஒரு மாசம் மூடி வச்சி, பெத்த புள்ளயத் திருடனாக்கிட்டேன்."