நவரட்ணம் அண்ணைக்கு நானூறு இரங்கல்கள்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பெட்டி நிறையப் பழைய படங்கள் கிடந்தன. தொண்ணூறுகளில் ஊரைவிட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்து பார்க்டேலில் குடியேறிய நம்மவர்களின் படங்கள். யார் யார் என்று ஒரு பெயரும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கண்டுபிடிக்காவிட்டால் பெட்டி நகருக்கு வெளியே உள்ள களஞ்சியத்துக்குப் போய்விடும். அங்கே போனதை யாரும் திரும்பத் தேடியதில்லை.

"ஒரு போட்டோவை ஃபேஸ்புக்கில போடுங்கோ அங்கிள். பீப்பிள் வில் கொமெண்ட்," என்றாள் சாம்பவி. நூலகத்தின் சமூக ஊடகங்களைப் பார்ப்பவள், இங்கேயே பிறந்த பிள்ளை.

புதன் காலை போட்டேன். பனிக்குள் நின்று சிரிக்கும் மீசைக்கார இளைஞன். படம் வெறுமையாக இருக்கிறதே என்று சுற்றிவரக் கறுப்புக் கரை வைத்தேன். மூலையில் ஒரு வெள்ளைப் பூ. கீழே, "பார்க்டேல், 1991. இவரைத் தெரியுமா?" எனக்கு அழகுணர்ச்சி கொஞ்சம் அதிகம்.

கறுப்புக் கரைக்குள் முகத்தைக் கண்டால் நம்மவர்கள் அதற்குக் கீழே வாசிப்பதில்லை. மத்தியானத்துக்குள் நானூறு பேர் அழுது முடித்திருந்தார்கள். யூனியன்வில்லில் இருந்து ஒருவர் உடலைப் பார்வைக்கு வைக்கும் நேரம் கேட்டிருந்தார். பெயரை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

"வீ ஆர் வைரல், அங்கிள்!" என்று துள்ளினாள் சாம்பவி. விசயத்தைச் சொன்னேன். முகம் மாறியது. "அப்ப அவர் செத்திட்டாரா?"

"அதுதான் பிள்ளை எனக்கும் தெரியேல்லை."

தொலைபேசி அடித்தது.

"வோபர்னிலயிருந்து நவரட்ணம் கதைக்கிறன். நான் எப்ப செத்தனான் எண்டு ஒருக்காச் சொல்லும். மனிசி கேக்கிறா."

வியாழக்கிழமை நேரிலேயே வந்தார். மீசை அதேதான், நிறம்தான் வெள்ளை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, இப்பவே அழிச்சுவிடுறன்."

"பொறும். முதல்ல வாசிப்பம். இப்பிடி ஆருக்குக் கிடைக்கும்?"

கண்ணாடியை ஏற்றி ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். பஸ்ரியன் என்ற ஒருவர் எழுதியிருந்தார்: "சப்பாத்து இல்லாமல் பனிக்குள் வந்த எனக்குத் தன்னுடையதைக் கழற்றித் தந்தவன். போய் வா மச்சான்."

"உவனும் நானும் ஒரே அறை. முந்நூற்றிநாலு காட்ஸ் விளையாடேக்க துரும்பை ஒளிச்சிட்டான் எண்டு சண்டை. இருவது வருசமாக் கதையில்லை."

"உண்மையா ஒளிச்சவரோ?"

"நான்தான் ஒளிச்சனான்."

எனக்குத் திடீரென்று மேல்தட்டைத் தூசி தட்ட வேண்டியிருந்தது.

பிறகு பெட்டியடியில் குந்தினார். இவன் இன்னான், அவள் இன்னாள் என்று அவர் சொல்லச் சொல்லச் சாம்பவி எழுதினாள். நாலு மணிக்குள் ஐந்து படங்களைத் தவிர எல்லாவற்றுக்கும் பெயர் வந்துவிட்டது. பெட்டியில் ஒட்டியிருந்த, 'களஞ்சியத்துக்கு' என்று எழுதிய துண்டை அவளே கிழித்தாள்.

"மிச்ச அஞ்சுக்கு என்ன செய்யிறது அண்ணை?"

"அதுகளுக்கும் கறுப்புக் கரை போடும். உயிரோட இருக்கிறவை கட்டாயம் ஃபோன் எடுப்பினம்."

போகுமுன் பஸ்ரியனின் இரங்கலுக்குக் கீழே ஒற்றை விரலால் தானே தட்டினார்: "நான் நலம். துரும்பை ஒளிச்சது நான். நாளைக்கு லைப்ரரிக்கு வா. சப்பாத்தையும் கொண்டு வா."