சென்றிக்கு ஒரு வாய்ப் பால்

"எந்த ரோட்டால போறீங்க தங்கச்சி?" என்று இப்றாஹிம் நானா கேட்டார்.

தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வாங்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளை பெற்றுப் பதினொரு நாள். வயிற்றுத் தையல் இழுக்கிறது. கையால் பிசைந்து பிசைந்து இரண்டு மார்பும் கன்றிப்போய், சட்டை பட்டாலே உயிர் போகிறது. நிற்க ஏலாமல் பாமசி மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த மனுசன் ரோட்டு விசாரிக்கிறார்.

"ரோட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் நானா? நான் என்ன லொறியே வாங்க வந்தனான்?"

"கோவிச்சுக்காதீங்க. ஆசுபத்திரிக்குப் போற வழியில செக்பொயின்ற் ஈக்கிதா இல்லயா, அதச் சொல்லுங்க."

இருந்தது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒன்றாவது இருந்தது.

மேசையில் மூன்று பம்புகளை வைத்தார். முதலாவது, பழைய கார் ஹோர்ன் மாதிரி ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடி. இரண்டாவது, கைபிடியை அமுக்கி அமுக்கி எடுக்கிற பிளாஸ்ரிக் பம்ப். மூன்றாவது, சிங்கப்பூரிலிருந்து வந்த பெற்றறிப் பம்ப். நான் நேரே மூன்றாவதைத் தூக்கினேன். அவர் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார்.

"மெய்யாலுமே இதுதான் நல்ல சாமான். கை நோகாது. ஆனா உள்ளுக்கு மோட்டர், வயர், நாலு பெற்றறி. ஒங்கட அடையாள அட்டையில பொறந்த ஊர் யாழ்ப்பாணம்ண்டு ஈக்கிம். இத பேக்ல போட்டுக்கிட்டு செக்பொயின்ற்ல எறங்கினா, புள்ளய பாக்கப் போக மாட்டீங்க."

"நான் வீட்டில வைச்சுத்தானே எடுக்கப்போறன்."

"வீட்டுக்குச் செக்கிங் வாறதில்லயா?"

போன மாதம் மட்டும் இரண்டு தரம் வந்தார்கள். அரிசி ரின்னுக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூட வைப்பது லேசான காரியம் இல்லை என்று என் புருசன் சவுந்தரநாயகத்தைக் கேட்டால் சொல்வார்.

ரப்பர் குமிழையும் நானா தள்ளிவைத்தார். பால் குமிழுக்குள் போய் நிற்கும், கழுவ ஏலாது, குறைமாதப் பிள்ளைக்கு அது கூடாது என்றார். மிஞ்சியது கைப் பம்ப்தான். "இதோட ரெண்டு போத்தல் வரும். ரெண்டும் ஒரே மாதிரி, ஒண்டு ஒடஞ்சாலும் மத்தது ஈக்கிம்" என்று சொல்லிப் பொதி பண்ணித் தந்தார். நல்ல மனுசன். அவரில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கிலோ இருநூற்றைம்பது கிராம். சந்தையில் வாங்குகிற கோழி அதைவிடக் கனம். பிறந்த அன்றே, வாட்டில் நேர்ஸாக இருந்த மேபல் மிஸ் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் வைத்து அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். என்ன பெயர் என்று கேட்டபோது செத்துப்போன என் அம்மாவின் பெயர்தான் வாயில் வந்தது. நேசம்.

ஐந்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய்மாருக்கு ஒதுக்கின அறையில் கட்டில் இல்லையாம். காலையில் பத்து மணிக்கு வந்து ஒரு மணித்தியாலம் பிள்ளையைப் பார்க்கலாம், அந்த நாளுக்குத் தேவையான பாலை எடுத்து வந்து கொடுக்கலாம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பன்னிரண்டு மில்லி, மூக்கால் விட்ட மெல்லிய ரியூப் வழியாக. "தாயின்ர பால் மட்டும்தான் பிறிஜெற். ரின்னில வாற மாப்பால் ஒரு துளியும் படக்கூடாது. இந்தக் குடல் தாங்காது" என்று டொக்ரர் சொன்னதை மேபல் மிஸ் எனக்கு இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் நான் தலையாட்டினேன்.

ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு மில்லி. கையால் பிசைந்தால் எனக்கு எண்பது வந்தது. அந்த எண்பதிலும் செக்பொயின்ற் சென்றிக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தச் செக்பொயின்ற் இருந்த இடத்தில் இப்போது பூக்கன்று நட்டிருக்கிறார்கள். அப்போது மண்மூட்டையும் முள்ளுக்கம்பியும். பஸ்ஸில் வந்த எல்லாரும் இறங்கிப் பையைத் திறந்து காட்டி நடந்து போய் மறுபக்கம் ஏற வேண்டும். பெண்களுக்கு ஒரு தகரக் கொட்டில், உள்ளே சீருடை போட்ட ஒருத்தி. பிள்ளை பெற்ற வயிறு ஐந்து நாளில் வற்றிவிடுமா? முதல் நாள் அவள் அதைத் தையலோடு சேர்த்து அமுக்கிப் பார்த்தாள். பிறகு பால் போத்தலைத் தூக்கினாள். "பொன்ன" என்றாள். குடி என்று அர்த்தம். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகிறவர்களும் குடித்துக் காட்டத்தான் வேண்டும். எண்ணெயோ அசிட்டோ என்று அவர்களுக்குப் பயம். ஆனால் இது பிள்ளையின் சாப்பாடல்லவா?

"மகே கிரி" என்றேன். என்னுடைய பால்.

"பொன்ன."

நாக்கு நுனியால் தொட்டேன். அது காணாதாம். தொண்டை அசைய வேண்டுமாம். ஒரு வாய் குடித்தேன். வீட்டுக்கு வந்து வாயில் தண்ணீர் எடுத்து அளவுக் கோப்பையில் துப்பிப் பார்த்தேன். பதினைந்து மில்லி. என் பிள்ளையின் ஒரு நேரச் சாப்பாட்டை விடக் கூட.

"ஆறு நாளா என்ர பிள்ளையின்ர பாலை நான் குடிக்கிறன்! அவளவையின்ர கண்ணுக்கு முன்னால நிண்டு குடிக்கிறன்! மானம் கெட்ட சீவியம்" என்று சவுந்தரத்திடம் கத்தினேன்.

"அவையளோட வாய் காட்டாதை பிறிஜெற். சொன்னதைச் செய்துபோட்டுப் போ" என்றார். துறைமுகத்தில் கிளாக் வேலை, தமிழன், அவருக்கு வேறென்ன சொல்ல வரும். அதன் பிறகுதான் பம்ப் வாங்கினேன். பிள்ளைக்கும் எடுக்க வேண்டும், சென்றிக்கும் எடுக்க வேண்டும்.

பம்புடன் வந்த இரண்டு போத்தலையும் அவித்துக் கவிழ்த்து வைத்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கோதாரி பிடித்த மூளை! ஒரு போத்தலில் என் பால். மற்றதில் மாப்பால். சென்றிக்காரி கேட்டால் மாப்பால் போத்தலை நீட்டி அதிலிருந்து குடித்துக் காட்டுவது. பிள்ளையின் பாலில் ஒரு துளியும் குறையாது, அந்த மூடியைத் திறக்கவும் தேவையில்லை. மாப்பால் போத்தலின் மூடியில் என் கலியாணத்துக்கு வாங்கிய நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். வெறும் மூடி பிள்ளைக்கு. பொட்டு வைத்த மூடி சென்றிக்கு.

இதில் இன்னொரு கெட்டித்தனமும் செய்தேன். இரண்டும் வித்தியாசமாகத் தெரிந்தால் சந்தேகம் வரும் என்று மாப்பாலைத் தண்ணியாகக் கரைத்தேன், தாய்ப்பால் நிறம் வருமட்டும். இரண்டு போத்தலிலும் ஒரே அளவுக்கு ஊற்றினேன். ஆசுபத்திரியில் பிள்ளையின் போத்தலைக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய மாப்பாலைக் குழாயடியில் கொட்டிவிட்டுத் திரும்புவேன்.

ஒன்பது நாள் அப்படியே நடந்தது. பம்ப் போட்டதில் எனக்குப் பாலும் கூடியது. நேசம் ஒரு கிலோ முந்நூற்றுப் பத்து ஆனாள். என் விரலைப் பிடித்தால் விட மாட்டாள். "இவள் தப்பியிட்டாள் பிறிஜெற், இனிப் பயமில்லை" என்று மேபல் மிஸ் சொன்னார். அன்றைக்குத்தான் போத்தல் விசயத்தைச் சவுந்தரத்திடம் அவிழ்த்துவிட்டேன். பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக அவர் சிரித்தார்.

"ஆமியையே பேய்க்காட்டுறாயடி நீ" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பத்தாம் நாள் கொட்டிலுக்குள் புதியவள் ஒருத்தி இருந்தாள். சின்னப் பெட்டை, இருபது வயது இருக்கும். வேலைக்குப் புதிது என்பது பார்த்ததுமே தெரிந்தது, ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பொட்டு வைத்த மூடியைத் திறந்து முகர்ந்தாள். குடிக்கச் சொன்னாள், குடித்தேன். அதோடு விட்டாளா? மற்றப் போத்தலையும் திறந்து முகர்ந்தாள். அந்த நேரம் வெளியே யாரோ சத்தம் போட, அவள் அந்தப் பக்கம் பார்த்தபடியே இரண்டு மூடியையும் திருகி இரண்டு போத்தலையும் பைக்குள் வைத்தாள். தப்பினேன் என்று நினைத்தேன். "ஸ்தூதி" என்று நன்றி வேறு சொன்னேன் அவளுக்கு.

வாட்டில் அன்றைக்குப் பெரிய டொக்ரர் வந்திருந்தார். தாய்மாரை வாசலிலேயே மறித்தார்கள். வெறும் மூடி போட்ட போத்தலை மேபல் மிஸ்ஸின் கையில் கொடுத்தேன். அதில் ஒரு வாய் குறைவாக இருந்ததை அவசரத்தில் நான் பார்க்கவில்லை. மூடியைத்தான் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு நிமிசம் பிள்ளையைப் பார்த்தேன். கொட்டாவி விட்டாள். குழாயடிக்குப் போகவும் விடாமல் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது கொட்டிலில் அதே பெட்டை. பையில் பொட்டு மூடிப் போத்தல். காலையில் பார்த்தாய்தானே என்று சிங்களத்தில் எரிந்து விழுந்தேன்.

"பொன்ன."

இந்தா பார் என்று தொண்டை தெரியத் தலையை நிமிர்த்தி ஒரு வாய் குடித்தேன்.

இனித்தது. மாவாடை இல்லை. என் பாலின் ருசி எனக்குத் தெரியாதா? ஆறு நாள் அந்த இடத்தில் நின்று அதைக் குடித்தவள் நான்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்று இருபத்தைந்து. பிள்ளைக்கு அடுத்த பால் பன்னிரண்டுக்கு. சேசு மரியே! பையையும் போத்தலையும் அப்படியே போட்டுவிட்டு வந்த பக்கம் திரும்பி ஓடினேன்.

செக்பொயின்றில் ஓடக்கூடாது. கொழும்பில் இருந்த தமிழருக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எனக்கும் தெரியும். ஓடினேன்.

"ஹிட்டபங்!" நில் என்ற அந்தச் சத்தத்தோடு துவக்கு லோட் பண்ணும் சத்தமும் கேட்டது. கால் தானாக நின்றது. கையைத் தூக்கு என்றார்கள், தூக்கினேன். நாலு பேர் சுற்றி நின்றார்கள். என்னுடைய சந்தைச் சிங்களத்தில் சொன்னேன். ஆசுபத்திரியில் பிள்ளை, பால் மாறிப்போய்விட்டது, பன்னிரண்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், என்னை விடுங்கள்.

"இந்தப் போத்தலில் என்ன?"

"என் பால்."

"அங்கே கொடுத்த போத்தலில்?"

"மாப்பால்."

"பிள்ளைக்கு மாப்பால் கூடாது என்கிறாய். பிறகு ஏன் மாப்பால் கொண்டுபோனாய்?"

"உங்களிட்டைக் குடிச்சுக் காட்ட" என்று தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு சிங்களத்தில் சொன்னேன். சொன்னதுமே அவர்களுடைய முகம் மாறியது. அப்படியென்றால் இவ்வளவு நாளும் எங்களை ஏமாற்றினாயா? வேறு என்ன கொண்டுபோனாய்? எத்தனை போத்தல்? யார் சொல்லித் தந்தது?

பெரியவர் வரும்வரை நிற்கச் சொன்னார்கள். ரோட்டுக்கு மறுபக்கம் ஒரு கொமியூனிக்கேசன் கடை இருந்தது, கண்ணாடிக்குள் ரெலிபோன் தெரிந்தது. ஒரேயொரு கோல் எடுக்க விடுங்கள், நீங்களே எடுத்துச் சொல்லுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். கடைசியில் விழுந்தும் கேட்டேன். வாட்டின் நம்பர் என்ன என்று ஒருத்தன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அவன் போய்விட்டான்.

மண்மூட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றேன். மணிக்கூட்டைப் பார்க்கக் கையைத் திருப்பினால் கத்தினார்கள். பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பம்ப் போட்டுப் பழகிய மார்பு. திடீரென்று இரண்டு பக்கமும் சுரந்து சட்டையின் முன்பக்கம் நனைந்து வயிறு வரைக்கும் வழிந்தது. பன்னிரண்டு ஆகிவிட்டது. கொட்டில் வாசலில் நின்ற அந்தப் பெட்டை என் சட்டையைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் பார்த்தாள்.

பெரியவர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து இரண்டு கேள்வி கேட்டு என்னைப் போகவிட்டார்.

"ஏன் பிறிஜெற் இப்பிடி ஓடி வாறீர்? குடிச்சிட்டாள். ஒரு சொட்டும் வெளிய வரேல்லை" என்றார் மேபல் மிஸ், சிரித்துக்கொண்டு.

"மிஸ், அது என்ர பாலில்லை."

"பின்னை ஆற்றை பால்?"

சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது. "மாப்பால் கூடாதெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். ஏன் மாப்பால் கொண்டு வந்தனீர்?"

பின்னேரம் வயிறு ஊதியது. அடுத்த நாள் அது நீலமாகி மினுங்கியது. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நேசம் போய்விட்டாள். இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு இது சும்மாவே வருகிற குடல் வருத்தம், மாப்பால்தான் காரணம் என்று சொல்ல ஏலாது என்று டொக்ரர் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மாதம்பிட்டி மயானத்துக்குச் சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு பெட்டியைச் சவுந்தரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது திறீவீலருக்குள் அவரும் கேட்டார், "ஏன் பிறிஜெற் மாப்பாலைக் கொண்டுபோனாய்?" சென்றியில் கேட்டார்கள், வாட்டில் கேட்டார்கள், பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரும் அதைத்தான் கேட்டார். என்னை ஏன் குடிக்க வைத்தார்கள் என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

பால் வற்ற ஒன்பது நாள் எடுத்தது. எடுக்காவிட்டால் காய்ச்சல் வரும் என்றார்கள். அதனால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அந்தப் பம்பையே போட்டு எடுத்தேன். நல்ல பம்ப், போத்தல் போத்தலாக வந்தது. எல்லாவற்றையும் குசினித் தொட்டியில் ஊற்றினேன். ஒரு வாய் குடித்துக் காட்டு என்று எவரும் சொல்லவில்லை.