ஒட்டப்படாத பட்டியல்

தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் பரமேஸ்வரனின் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. அரிசி மூட்டைகளுக்கும் சோடாப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு தொலைக்காட்சி, ஐந்தாறு கதிரைகள். சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் இல்லாதவர்கள் அங்கே றக்பி பார்க்கக் கூடுவோம். எங்களில் சிலர் கொழும்பில் வேலை செய்த காலத்தில் அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள். மற்றவர்களை இழுத்து வந்தவர் யேசுரட்ணம்.

என்னைவிட ஆறு வயது மூத்தவர். யேசு அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கொழும்புத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்துகொண்டு ஒரு கிளப்புக்கு ஃபுல்பேக் விளையாடியவர். ஃபுல்பேக் என்றால் எல்லாருக்கும் பின்னால் தனியே நிற்கிற ஆள். எதிரணி உயர்த்தி உதைக்கிற பந்தைப் பிடிப்பது அவன் வேலை. பிடித்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். விட்டால் மைதானம் முழுவதும் அவனைத்தான் பார்க்கும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஓகஸ்டில் இலங்கை அணி வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் ஒன்று போக இருந்தது. யூலை இருபத்தைந்தாம் திகதி, திங்கட்கிழமை காலை, தெரிவானவர்களின் பட்டியலைக் கிளப் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. பட்டியலை ஒருவரும் ஒட்டவில்லை, அணியும் போகவில்லை. யேசு அண்ணையின் வெள்ளவத்தை வீட்டைக் கொளுத்தினார்கள். வீட்டில் இருந்த அவருடைய தம்பி பிலேந்திரனைக் கொன்றார்கள். அடுத்த வருடம் அவரும் மனைவி மெற்றில்டாவும் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். கலவரம் வந்திராவிட்டால் யேசு அண்ணை நாட்டுக்கு விளையாடியிருப்பார் என்பது அந்த அறையில் எல்லாரும் நம்பிய விஷயம். அவராக அதைச் சொல்லிக் கேட்டதில்லை. நாங்கள் சொன்னால் மறுத்ததும் இல்லை. கிழமை முழுக்கப் பெற்றோல் ஸ்ரேசனில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மனிதர், சனிக்கிழமை அந்த அறைக்குள் வரும்போது நடையே வேறாக இருக்கும்.

இங்கிலாந்து அணி, ஸ்கொட்லாந்து அணி எல்லாவற்றையும் அலசுவோம். ஆனால் உண்மையான சண்டை இலங்கை அணியைப் பற்றித்தான். பரமேஸ்வரனின் கடைக்குக் கொழும்புப் பத்திரிகைகள் பத்து நாள் பிந்தி வரும். விளையாட்டுப் பக்கத்தை முதலில் எடுப்பவர் யேசு அண்ணை. புதிதாக வந்த ஒருவன் ஒருமுறை கேட்டான், “எங்களை எரிச்சவங்கட ரீமுக்கு நீங்கள் ஏன் அண்ணை இவ்வளவு பாடுபடுறியள்?” அவர் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

தொண்ணூற்று நாலு செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை. கொழும்பில் புதிய அணியைத் தெரிவு செய்திருந்தார்கள். பல வருடம் விளையாடிய ஃபுல்பேக்கை நிறுத்திவிட்டு ஒரு புதுப் பையனைப் போட்டிருந்தார்கள்.

“அநியாயம்,” என்றார் யேசு அண்ணை. “இரண்டு மற்ச் சரியா விளையாடேல்லை எண்டதுக்காக ஒருத்தனைத் தூக்குறதோ?”

அம்பலவாணன் கவுன்சிலில் கணக்காளர். எதையும் இலக்கத்தில் பேசுகிறவர். “இரண்டில்லை, நாலு மற்ச். போன வருசம் என்ன செய்தவன் எண்டு பாத்து இந்த வருசம் எடுக்கேலாது. இப்ப எப்பிடி விளையாடுறான், ஃபோம் எண்டு ஒண்டு இருக்கு.”

“ஃபோம் வரும், போகும். ஆள் ஆரெண்டு பாக்கோணும்.”

“உங்களுக்கு விளங்காது யேசு. நீங்கள் உங்களை நினைச்சுக்கொண்டு கதைக்கிறியள்.”

“என்னை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?”

“உங்களை எடுத்திருப்பாங்கள் எண்டு எல்லாரும் சொல்லினம். லிஸ்ரை ஆர் பாத்தது?”

பத்து வருடத்தில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பரமேஸ்வரன் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றுவிட்டார். யேசு அண்ணை கையில் இருந்த பத்திரிகையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார். அம்பலவாணனுக்கும் முகம் செத்துப்போயிற்று. கெட்ட மனிதர் இல்லை. வாய் முந்திவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இதை ஒருநாள் தீர்த்துவைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அந்த முடிவை எடுக்காமல் இருந்திருக்கலாம்.

ஒக்ரோபரில் குரொய்டனுக்கு அப்பால் ஒரு மைதானத்தில் இலங்கைக்காரர் சிநேகபூர்வ ஆட்டம் ஒன்று வைத்தார்கள். சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லாரும் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தார்கள். யேசு அண்ணையை நான்தான் காரில் கூட்டிப்போனேன். எண்பத்து மூன்றில் தெரிவுக் குழுவில் இருந்த ஒரு பெரியவர் லண்டனில் மகள் வீட்டுக்கு வந்து நிற்கிறார், அன்று மைதானத்துக்கும் வருவார் என்று எனக்கு முன்பே தெரியும். யேசு அண்ணைக்குச் சொல்லவில்லை.

பெரியவர் கம்பளிக் கழுத்துச் சால்வையோடு மடக்குக் கதிரையில் இருந்தார். யேசு அண்ணையைக் கண்டதும் எழும்ப முயன்றார். இவர் ஓடிப்போய் அவரை இருத்தினார். இருவரும் கைகளைப் பிடித்தபடி ஆங்கிலத்தில் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசினார்கள். யேசு அண்ணை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த நேரம்தான் நான் குறுக்கிட்டேன்.

“சேர், எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். எண்பத்து மூன்றில் பட்டியல் வெளிவந்திருந்தால் ஃபுல்பேக் இவர்தானே?”

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. யேசு அண்ணையைப் பார்த்தார். “இத்தனை வருடம் கழித்து அது எதற்கு?”

“சொல்லுங்கள் சேர்,” என்றார் யேசு அண்ணை.

“பட்டியல் வெள்ளிக்கிழமையே தட்டச்சாகிவிட்டது. மே மாதம் வரை அது உன்னுடைய இடம். யூனில் மூன்று ஆட்டத்தில் ஐந்து பந்தை விட்டாய். கண்டியில் விட்டதை நானே நேரில் பார்த்தேன். தெரிவுக் குழுவில் இரண்டு மணி நேரம் உன்னைப் பற்றி மட்டும்தான் பேசினோம். கடைசியில் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.”

மைதானத்தில் யாரோ பந்தோடு கோடு தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டார்கள். எங்களைச் சுற்றி எல்லாரும் கை தட்டினார்கள். பெரியவர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

“நீ தமிழன் என்பதற்காக இல்லை. அதை நீ நம்ப வேண்டும்.”

“நம்புகிறேன் சேர்.”

“அடுத்த வருடம் கட்டாயம் திரும்பி வந்திருப்பாய்.”

யேசு அண்ணை அவருடைய கழுத்துச் சால்வையைச் சரிசெய்துவிட்டு, குளிரில் அதிக நேரம் இருக்க வேண்டாம் என்று சொல்லி விடைபெற்றார்.

திரும்பி வரும்போது நான்தான் பேசினேன். “அந்தாளுக்கு வயசு போட்டுது அண்ணை. ஞாபகம் பிசகியிருக்கும்.”

“பிசகேல்லை,” என்றார் அவர். “நான் ஆறெண்டு எண்ணி வைச்சிருந்தனான். ஒண்டை அவர் மறந்துபோனார்.”



அடுத்த மூன்று சனிக்கிழமை அவர் கடைக்கு வரவில்லை. அம்பலவாணன் ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நடந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாலாம் கிழமை யேசு அண்ணையின் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் வேலையால் வரவில்லை. மெற்றில்டா அக்கா கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“ஏன் தம்பி கேட்டனீர்?” என்றார். குரலில் கோபம் இல்லை.

“அவருக்காகத்தான் அக்கா. அம்பலவாணன் அப்பிடிச் சொன்னபடியால்...”

“கலவரம் வந்த அண்டைக்கு இவர் வேலைக்குப் போன இடத்திலை தப்பினவர் எண்டுதானே நீங்கள் எல்லாரும் நினைக்கிறியள்?”

“ஓம்.”

“இவர் அண்டைக்கு லீவு.”

அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்து இருந்தார்.

“நான் நீர்கொழும்பிலை அம்மா வீட்டிலை நிண்டனான். வீட்டிலை இவரும் பிலேந்திரனும்தான். அவன் வேலை ஒண்டுக்கு நேர்முகப் பரீட்சை எண்டு யாழ்ப்பாணத்திலையிருந்து வந்து நிண்டவன். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. காலமை பக்கத்து வீட்டுக்காரர் வந்து பொரளைப் பக்கம் கடையளை எரிக்கிறாங்கள், வெளியிலை போகாதையுங்கோ எண்டு சொல்லியிருக்கினம். அவனும் அண்ணை போகாதை எண்டவனாம். இவர் கேக்கேல்லை. ஒரு மணித்தியாலத்திலை லிஸ்ரைப் பாத்திட்டு வாறன், நீ கதவைப் பூட்டிப்போட்டு இரு எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.”

அவர் ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“கிளப்பிலை ஒருத்தரும் இல்லை. பலகையிலை ஒண்டும் ஒட்டேல்லை. திரும்பி வர ஏலாமல் போச்சுது. வீட்டிலை இவர் நிண்டிருந்தால் இரண்டு பேரும் செத்திருப்பினமோ, இல்லாட்டி இவர் சிங்களத்திலை கதைச்சு அவனையும் கூட்டிக்கொண்டு ஓடியிருப்பாரோ, எனக்குத் தெரியாது. பதினொரு வருசமா இவர் நித்திரையில்லாமல் எழும்பி இருக்கேக்கை நான் சொல்லுறது ஒண்டுதான். உங்கட பேர் அதிலை இருந்தது, எந்த மனுசனும் போய்ப் பாத்திருப்பான் எண்டு. இனி நான் என்னத்தைச் சொல்ல?”

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் யேசு அண்ணை வந்தார். என்னைக் கண்டு, “எப்ப வந்தனீ, வைத்தி?” என்று கேட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றினார். மெற்றில்டா அக்கா தேநீர் போட உள்ளே போனார்.

“அண்ணை, நான் கேட்டிருக்கக் கூடாது.”

“நீ கேக்காட்டி நான் ஒருநாள் கேட்டிருப்பன்,” என்றார். ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “இல்லை. நான் கேட்டிருக்க மாட்டன்.”

தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். டிசம்பரில், நத்தாருக்கு முன்னரே அவர் சனிக்கிழமை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பரமேஸ்வரன் சொன்னார். அம்பலவாணனுக்கு நடந்ததில் பாதியை நான் சொல்ல வேண்டி வந்தது. தான் சொன்னது சரியாகிவிட்டது என்று அறிந்த பிறகு அவரும் அணித் தெரிவு பற்றி வாய் திறப்பதை விட்டார். பத்திரிகைகள் வந்தபடிதான் இருந்தன. சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் வாசித்துவிட்டுப் போட்டோம்.

அடுத்த யூனில் தென்னாபிரிக்காவில் றக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைப் பின்னறையில் நிற்க இடமில்லை. ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போய் முடிந்தது. அந்தச் சூட்டோடு காரை எடுத்துக்கொண்டு நேரே பெற்றோல் ஸ்ரேசனுக்குப் போனேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். எட்டு மாதத்தில் நன்றாக மெலிந்திருந்தார்.

“தென்னாபிரிக்கா வெண்டிட்டுது அண்ணை. கடைசி உதையிலைதான்.”

“அப்பிடியே?”

“அவங்கட ஃபுல்பேக் எப்பிடி நிண்டவன் தெரியுமோ...” என்று தொடங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமோ வருத்தமோ இல்லை. யாரோ வேறு பாஷையில் பேசுவதைக் கேட்பதுபோல் பொறுமையாகப் பார்த்தார். நான் நிறுத்திக்கொண்டேன்.

“அக்கா சுகமோ?” என்றேன்.

“ஓம், இருக்கிறா. பின்னாலை ஆள் நிக்குது, வைத்தி.”

நான் விலகி வழிவிட்டேன். அடுத்து நின்ற பெண் இரண்டாம் பம்ப் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அவளுக்கு வேண்டியதைக் கவனிக்கத் தொடங்கினார்.