மேஜை நீளும் ஊர்

எங்கள் ஊரில் இங்கிலீஷ் பேசினால் மேஜை நீளும். தமிழில் மரியாதை சொல்லுக்குள்ளேயே ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளும். 'வாங்க' என்றால் தீர்ந்தது. இங்கிலீஷில் நாய்க்கும் 'யூ', கலெக்டருக்கும் 'யூ'. அதனால் மரியாதைக்குத் தனியாக இடம் விட வேண்டியிருக்கிறது. ஒரு 'ப்ளீஸ்' போட்டால் மேஜை ஒரு முழம் வளரும். 'குட் யூ' என்று கேட்டால் ஒரு ஆள் நீளம். தச்சர்கள் அதற்குத் தோதாகத்தான் பலகை இழைக்கிறார்கள்.

மாட்டுச் சந்தை வாசலில் என் புண்ணாக்குக் கடை இருக்கும் இடத்தை மெட்ராஸ் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. கடையை வைத்துக்கொள்வதா, காலி செய்வதா என்று பேச, சந்தைக்கு எதிரே இருக்கும் தங்கள் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மனைவி மயிலாத்தாவோடு, தோளில் துண்டோடு போனேன். சந்தையில் வாயால் பேசினால் பேரம் ஆகாது. துண்டுக்கு அடியில் இரண்டு பேரும் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேச வேண்டும். எதிராளி விரலை அழுத்தினால் சம்மதம். துண்டை உதறும்வரை பிடியை விடக் கூடாது. விட்டால் பேரம் முறிந்தது. நான் கடையைச் சம்பாதித்ததே இந்த விரல்களால்தான். தோற்கிற உத்தேசம் இல்லை.

மேனேஜர் ஹேமலதா மேடம் மேஜைக்கு எதிரே இருந்தார். "குட் யூ ப்ளீஸ் பீ சீட்டட்?" என்றார். மேஜை கதவைத் தொட்டது. நான் துண்டை விரித்தேன். கை எட்டவில்லை.

"வீ வர் ஒண்டரிங் இஃப் யூ மைட் கன்சிடர் மூவிங் அவுட்," என்றார். காலி பண்ணு என்று அர்த்தம். மேஜை கதவைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, சந்தை நடுவில் போய் நின்றது. அந்த முனையில் மேடம் நாற்காலியோடு போய்விட்டார். யாரோ மேஜைக் காலில் ஒரு கிடாரிக் கன்றைக் கட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கிவ் மை ஷாப்!" என்று கத்தினேன்.

மேஜை ஒரே இழுப்பில் திரும்பி வந்து என் நெஞ்சில் முட்டியது. மேடம் வந்தார், கிடாரியும் வந்தது. முழங்காலும் முழங்காலும் இடித்தன. துண்டு தொங்க இடமில்லை. மேடம் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏனுங் மாமா, பேரத்துக்கு வந்தீங்களா, ஜல்லிக்கட்டுக்கு வந்தீங்களா?" என்றாள் மயிலாத்தா. "ஒரு ப்ளீஸ் போட்டா வாய் வெந்தா போயிரும்?"

எந்தச் சந்தையிலும் அந்தச் சொல்லை நான் விட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ப்ளீஸ்," என்றேன். சரியாக ஒரு முழம் விலகியது. துண்டு அழகாகத் தொங்கியது. மேடத்தின் விரலைப் பிடித்தேன். கடை இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்றேன். மடக்கினார். நான் நிமிர்த்தினேன். மாட்டேன் என்று மறுபடி மடக்கினார். விடவில்லை நான். கடைசியில் அழுத்தினார்.

துண்டை உதறுவதற்குள் மேடம் பேரம் முடிந்த சந்தோஷத்தில் ஆரம்பித்துவிட்டார். "ஐ வுட் பீ மோஸ்ட் கிரேட்ஃபுல் இஃப் யூ வுட் கைண்ட்லி அலவ் மீ டு தேங்க் யூ." மேஜை கிளம்பியது. சந்தையைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, மேடம் கண்ணுக்கு மறைந்தார். விரலை நான் விடவில்லை, அவரும் விடவில்லை. மேடத்தின் கை நீண்டுகொண்டே போனது.

கடை அதே இடத்தில் நடக்கிறது. இடது கையால் துண்டுக்குள் மேடத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் புண்ணாக்கு நிறுத்துப் போடுகிறேன். சந்தை நாளில் மாடுகள் வரும்போது மயிலாத்தா வெளியே போய், கண்ணுக்கெட்டாத மேடத்திடம், "கையக் கொஞ்சம் ஒசத்திப் புடி கண்ணு, கொம்பு இடிக்குது," என்பாள். சத்தமாகக்கூடச் சொல்லமாட்டாள்.

கை உயரும். மாடுகள் அடியில் நுழைந்து போகும்.